நாலாம் வார்த்தை

ஏப்ரல் 3, 2025, வியாழன்

சாயந்திரம் போதகரின் மனைவி ஐயரம்மா வந்து பெரிய வெள்ளி நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மும்மணி ஆராதனையில், சிலுவையில் ஆண்டவர் பேசிய ஏழு வார்த்தைகளில் நாலாம் வார்த்தைக்கு நேரே என் பெயர். எங்கள் சேகரத்தில் பெண்கள் பேசுவதென்றால் அது மூன்றாம் வார்த்தைதான். சிலுவையடியில் தாய் நிற்கிறாள், அதனால் பெண் பேசட்டும் என்று யாரோ எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியானால் கள்ளனுக்குச் சொன்ன இரண்டாம் வார்த்தையை யாருக்கு ஒதுக்குவது என்று கேட்க எனக்கு நெடுநாளாக ஆசை.

"இந்தத் தடவை எனக்கு நாலா?" என்றேன்.

"நாலாவது வேண்டாம்னு ரெண்டு மூணு பேர் சொல்லிட்டாங்க டீச்சர். கஷ்டமா இருக்காம். அப்போ டீச்சர்ட்ட குடுங்கன்னு ஐயர் சொல்லிட்டாங்க."

கணக்கு டீச்சர் என்றால் கஷ்டமானதை எல்லாம் செய்துவிடுவாள் என்ற எண்ணம் ரிட்டயர் ஆன பிறகும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை. பதினைந்து நிமிஷம்தான், மணி பார்த்து முடிக்க வேண்டுமாம். போன வருஷம் ஐந்தாம் வார்த்தைக்காரர் அரைமணிக்கு மேல் இழுத்ததில் ஆறும் ஏழும் ஓட்டமாக ஓடின.

ஏப்ரல் 5, சனி

நாலு சுவிசேஷத்தையும் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தெரிந்ததுதான் என்றாலும் வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. ஏழு வார்த்தைகளில் லூக்கா எழுதியது மூன்று, யோவான் எழுதியது வேறு மூன்று. நாலாவதை இருவரும் தொடவில்லை. மத்தேயுவும் மாற்கும் நாலாவதை மட்டும் எழுதிவிட்டு மற்ற ஆறையும் விட்டுவிட்டார்கள். ஆதிகாலத்தில் மாற்கு மட்டுமே கையில் கிடைத்த ஒரு சபை இருந்திருந்தால், சிலுவையில் ஆண்டவர் பேசியதாக அவர்கள் அறிந்தது இந்த ஒன்றுதான்: ஏன் கைவிட்டீர் என்ற கேள்வி. மன்னிப்பும் பரதீசும் அவர்கள் காதுக்கு வந்திருக்காது. அதை வைத்துக்கொண்டே அவர்கள் விசுவாசிகளாக இருந்திருப்பார்கள்.

மாற்கை முதலிலிருந்து புரட்டினேன். யோர்தானில் ஞானஸ்நானம் பெறும்போது வானத்திலிருந்து சத்தம் வருகிறது. ஒன்பதாம் அதிகாரத்தில், மலைமேல் மறுரூபமாகும்போதும் மேகத்திலிருந்து சத்தம் வருகிறது. இரண்டு முறையும் மகன் ஒன்றும் கேட்கவில்லை, தகப்பன் தானாகவே பேசுகிறார். கொல்கொதாவில் மகன் உரக்கக் கேட்கிறார், அங்கே வானம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எலியாவைக் கூப்பிடுகிறார் என்று தவறாகக் கேட்டுக்கொண்டு, காடியில் கடற்காளானைத் தோய்க்கிறார்கள். மறுபடியும் ஒரு பெரிய சத்தமிட்டு அவர் ஜீவனை விடுகிறார். கேள்வி கேள்வியாகவே நிற்கிறது.

இந்த இடத்தில் பிரசங்கிமார் ஒரு வேலை செய்வார்கள். அந்தக் கேள்வி 22ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். அந்தச் சங்கீதம் துதியில் முடிகிறது. ஆகவே இயேசு முழுச் சங்கீதத்தையும் மனதில் வைத்துத்தான் சொன்னார், அது உண்மையில் வெற்றி முழக்கம் என்பார்கள். சங்கீதம் துதியில் முடிவது நிஜம். ஆனால் அவர் முதல் வசனத்தோடு நிறுத்திக்கொண்டாரே. நின்ற இடத்தில் நாமும் கொஞ்ச நேரம் நிற்காமல், மிச்சத்தை அவருக்கு எடுத்துக்கொடுக்க நமக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, ஒரு செம்பு பதநீரோடு மதினி வீட்டுக்குப் போனேன். மதினி முன்வாசலில் உட்கார்ந்து சுளவில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். காம்பைப் பிடித்து ஒரே இழுப்பு. இலை மட்டும் சுளவில் விழும். அறுபத்தெட்டு வயதிலும் அந்த வேகம் குறையவில்லை. நான் உருவினால் பாதி ஈர்க்கோடு வரும்.

மதினியின் மகன் தம்பு போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. அண்ணனுக்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த ஒரே ஆண்பிள்ளை. நாலுவழிச்சாலையில் பைக்கில் வரும்போது லாரி. நினைவு ஆராதனைக்குப் பிறகு மதினி கோயிலுக்கு வரவில்லை. காரணம் ஊருக்கே தெரியும்: ஆறுதல் சொல்ல வந்தவர்கள்தான். நல்ல பூவைக் கர்த்தர் முதலில் பறித்துக்கொள்வார் என்றார் ஒருவர். இதற்குள்ளும் ஒரு நன்மை இருக்கிறது, போகப்போகத் தெரியும் என்றார் இன்னொருவர். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஜெபக்காரி, வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதும் உண்டா என்று மதினியின் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். அவளுக்கும் காபி போட்டுக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

நாலாம் வார்த்தை எனக்கு வந்திருப்பதைச் சொன்னேன்.

"நல்லதுதான். என்ன சொல்லப்போற?"

"இன்னும் தெரியல மதினி. நீங்க இப்பல்லாம் ஜெபம் பண்ணுதியளா?"

"பண்ணாம? தினம் ராத்திரி சண்டைதான். அவர்ட்ட போடாம வேற யார்ட்ட போட?"

சொல்லிவிட்டு அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அதிகாலை லெந்து ஜெபம். இருட்டில் நாய்களுக்குப் பயந்துகொண்டே போய் வந்தேன். வந்ததும் யோபின் புத்தகத்தைத் திறந்தேன்.

42 அதிகாரத்தில் கதை என்று பார்த்தால் முதல் இரண்டும் கடைசி ஒன்றும்தான். நடுவில் முழுக்க வாக்குவாதம். எல்லாம் இழந்த யோபிடம் சிநேகிதர் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் வந்து ஏழு நாள் ராத்திரி பகலாகத் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறார்கள். நாலாம் அதிகாரத்தில் வாயைத் திறக்கிறார்கள், அங்கிருந்துதான் கெடுதல். அவர்கள் சொல்வதில் எது தப்பு என்று தனித்தனியாகக் காட்டவும் முடியாது. தேவன் நீதியுள்ளவர், பாவத்துக்குத் தண்டனை உண்டு, மனந்திரும்பினால் வாழ்வு உண்டு. எல்லாம் நாம் ஞாயிறுதோறும் கேட்பதுதான். வகுப்பில் சில பிள்ளைகள் வாய்ப்பாட்டைச் சரியாக ஒப்பித்துவிட்டு, கேட்ட கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்கைப் போட்டு வைத்திருப்பார்கள், அந்த மாதிரி.

யோபு சும்மா இருக்கவில்லை. பிறந்த நாளைச் சபிக்கிறார், தேவனை வழக்குக்கு வா என்கிறார். கடைசியில் கர்த்தர் எலிப்பாசைக் கூப்பிட்டு, என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்ற அர்த்தத்தில் கண்டிக்கிறார். தேவனுக்காக வக்காலத்து வாங்கினவர்கள் பலி செலுத்த வேண்டியதாயிற்று. தேவனோடு மல்லுக்கு நின்றவர் அவர்களுக்காக ஜெபம் பண்ண வேண்டியதாயிற்று. சின்ன வயதிலிருந்து யோபின் பொறுமை, யோபின் பொறுமை என்றே கேட்டு வளர்ந்தோம். அந்தப் பேர் வாங்கித் தந்த முதல் இரண்டு அதிகாரத்தைத் தாண்டி எத்தனை பேர் வாசித்திருப்பார்களோ.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானம் மதினியிடம் போய் யோபைப் பற்றிப் பேசினேன். கடைசி அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

"ஆடு எவ்வளவு?"

"முதல்ல ஏழாயிரம். கடைசியில பதினாலாயிரம்."

"ஒட்டகம்?"

"மூவாயிரம், ஆறாயிரமாச்சு. ஏர்மாடு ஐந்நூறு ஜோடி, ஆயிரம் ஜோடியாச்சு. கழுதையும் ரெட்டிப்பு."

"பிள்ளையள்?"

"ஏழு ஆண், மூணு பெண். கடைசியிலயும் ஏழு, மூணு."

கணக்கு டீச்சரான நான் கணக்காகப் பார்க்காத இடம் இது. முதல் பத்துப் பிள்ளைகளும் தேவனிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள், அதனால்தான் பிள்ளைகளை இரட்டிப்பாகக் கொடுக்கவில்லை என்று ஒரு வியாக்கியானம் உண்டு. அதைச் சொன்னேன்.

"இருக்கட்டும். யோபு பொண்டாட்டிக்கு மறுபடியும் பத்துப் பிரசவம். அவகிட்ட யாராவது கேட்டாங்களா?"

கடைசி அதிகாரத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தேடிப்பார்த்துவிட்டேன். புத்தகம் முழுக்க அவள் பேசுவது ஒரே ஒரு தடவை, அதற்கும் பைத்தியக்காரி என்று திட்டு. மாறாக, பின்னால் பிறந்த மூன்று பெண்களுக்கும் பெயர் இருக்கிறது: எமீமாள், கெத்சியாள், கேரேனாப்புக். சகோதரரோடு அவர்களுக்கும் சொத்தில் பங்கு கொடுத்தார் என்று இருக்கிறது. ஆண்பிள்ளைகள் ஏழு பேருக்கும் பெயர் இல்லை. எல்லாம் இழந்து எழுந்த மனுஷனுக்கு அதற்குப் பிறகுதான் பெண்பிள்ளைகள் கண்ணில் பட்டார்களோ என்னவோ. இது என் யோசனை, வியாக்கியானப் புத்தகத்தில் பார்த்ததில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பால்காரர் நாளைக்கும் மறுநாளும் வரமாட்டார். பங்குனி உத்திரம், குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்கு. பாக்கெட் பால் வாங்க வேண்டும். எழுத உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை.

ஏப்ரல் 12, சனி

டோனாவூர் போய் வந்தேன். வள்ளியூரிலிருந்து பஸ். மேற்கே மலை கிட்டத்தில் வந்துவிடுகிறது, வெயில் மட்டும் குறையவில்லை.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901இல் இங்கே தங்கி, கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்பிள்ளைகளுக்கு வீடு அமைத்தவர். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் இந்தப் பகுதி பாடமாகவே தெரியும். நான் போனது அதற்குப் பிந்தின பகுதிக்காக. 1931 அக்டோபரில் களக்காட்டில், மருந்தகத்துக்காகப் பார்த்த ஒரு வீட்டில், வேலையாட்கள் வெட்டிப்போட்டிருந்த குழியில் இருட்டில் விழுந்தார். கால் முறிந்தது. சில வாரத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையும் படுக்கையும்தான். புத்தகங்களில் பலவற்றை அங்கே கிடந்தபடி எழுதினார்.

அதில் ஒன்று 1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்'. நோயாளிகளுக்கு நோயாளி எழுதிய கடிதங்கள். அவர் படுக்கைக்கு ஆறுதல் பிரசுரங்கள் வந்து குவிந்திருக்கின்றன. எல்லாம் நல்லெண்ணத்தோடு அனுப்பினவை, ஆனால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லையாம். காரணத்தை அவரே கண்டுபிடிக்கிறார்: அவை சுகமாய் இருப்பவர்கள் சுகமில்லாதவர்களுக்கு எழுதியவை. இதை ஒரு மிஷனெரி அம்மையார் எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தைரியம். மதினி சொன்னால் அவிசுவாசம் என்பார்கள்.

தன் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மரங்களுக்கு நடுவே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் அம்மை என்று மட்டும். நான் நின்றபோது இரண்டு தவிட்டுக்குருவி தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. நாளைக்குக் கால் பேசும்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

ஓசன்னா பவனி. பிள்ளைகள் ஓலையால் ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டு போனார்கள். கால் பேசுகிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகள் சென்னையிலிருந்து வந்தபோது விட்டுப்போன சி. எஸ். லூயிஸ் புத்தகங்கள் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்து முடித்தேன். 1940இல் 'தி ப்ராப்ளம் ஆஃப் பெய்ன்' எழுதினார். தேவன் இருக்கும் உலகத்தில் வேதனை ஏன் என்பதற்குச் சுத்தமான விளக்கம், ஒரு இடத்தில் கூடத் தடுக்கவில்லை. இருபது வருஷம் கழித்து, 1960 ஜூலையில், மனைவி ஜாய் புற்றுநோயில் இறந்துபோனார். வீட்டில் கிடந்த நோட்டுகளில் அப்போது எழுதியது 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்'. 1961இல் என். டபிள்யூ. கிளர்க் என்ற புனைபெயரில் வெளியிட்டார். கோபம், சந்தேகம், முந்தின நாள் எழுதியதை மறுநாள் தள்ளுவது, எல்லாம் அப்படியே இருக்கிறது. முதல் புத்தகத்தை இது எங்கும் மறுக்கவில்லை. ஆனால் முதல் புத்தகம் எழுதினவர் ஆறுதல் சொல்ல வந்திருந்தால், இரண்டாவதை எழுதினவர் கதவைத் திறந்திருப்பாரா என்பது சந்தேகம்.

லுத்தரும் நினைவுக்கு வந்தார். 1542 செப்டம்பரில் மகள் மக்தலேனா பதின்மூன்று வயதில் அவர் கைகளிலேயே இறந்தாள். சில நாளில் நண்பர் யுஸ்துஸ் யோனாசுக்கு எழுதிய கடிதத்தில், இப்படி நல்ல முடிவு கிடைத்ததற்கு நானும் மனைவியும் ஸ்தோத்திரம் பண்ண வேண்டும், ஆனால் அழுகை விடமாட்டேன் என்கிறது, நீங்கள் எங்களுக்குப் பதிலாக ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்ற பொருளில் எழுதுகிறார். ஐரோப்பாவையே புரட்டிப்போட்ட மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு ஸ்தோத்திரத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. எனக்கு அவரிடத்தில் இதுதான் பிடித்திருக்கிறது.

சாயந்திரம் ஐயர் வந்தார். எழுதியதைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்க வாசித்தார்.

"நல்லா இருக்கு டீச்சர். முடிக்கையில ஒரு நம்பிக்கை வார்த்தை போட்டுரலாமா?"

"அதுக்கு ஆறும் ஏழும் இருக்கு ஐயா. அப்புறம் ஞாயித்துக்கிழமையும் இருக்கு."

சிரித்தார். பிறகு, "கல்லறைத் தோட்டத்துல நான் என்ன சொல்லணும்னு புஸ்தகத்துல இருக்கு. அதுக்கடுத்த வாரம் அந்த வீட்டுக்குள்ள போனா புஸ்தகம் இல்ல. எங்களுக்கும் அது தெரியும் டீச்சர்" என்றார். இளவயதுக்காரர். வந்த மூன்று வருஷத்தில் எத்தனை அடக்கம் எடுத்திருப்பார்.

பேச்சில் ஒன்றையும் மாற்றச் சொல்லவில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

ராத்திரி திருவிருந்து. திரும்பி வந்து 88ஆம் சங்கீதத்தைக் கடைசியாக ஒருமுறை வாசித்தேன். பேச்சில் இதற்கு இரண்டு நிமிஷம் வைத்திருக்கிறேன். புலம்பல் சங்கீதங்கள் பல உண்டு, ஆனால் அவற்றில் எங்கேயாவது ஒரு திருப்பம் வந்துவிடும். ஆனாலும் நான் துதிப்பேன் என்று. ஏமான் பாடிய இந்தச் சங்கீதத்தில் அது இல்லை. 18 வசனமும் புலம்பல், எபிரெய மூலத்தில் கடைசிச் சொல் இருள். இதைத் தொகுத்தவர்கள் நினைத்திருந்தால் கடைசியில் ஒரு அல்லேலூயாவை ஒட்டியிருக்கலாம். ஒட்டாமல் விட்டார்கள். 150க்குள் இதற்கும் ஒரு எண் கொடுத்தார்கள். ஞானம் என்று இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது. விளக்கம் தெரியாதவர்கள் ஒட்டாமல் விட்டதாகத் தெரியவில்லை. துதிக்க முடியாத நாளில் வருகிறவனுக்கும் கோயிலில் ஒரு பாட்டு வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. எல்லாரும் வெள்ளை உடை, பீடத்தில் கறுப்புத் துணி. மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றி விட்டன. மூன்றாம் வார்த்தைக்கு வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் பேசினான். மரியாளைப் பற்றி நான் இத்தனை வருஷம் பேசினதைவிட நன்றாகவே பேசினான்.

என் முறை வந்தபோது மணி ஒன்றரை. யோர்தான், மலை, கொல்கொதா என்று வரிசையாகச் சொன்னேன். பதில் வராததைச் சொன்னேன். யோபின் சிநேகிதர் ஏழு நாள் இருந்த மௌனத்தைச் சொல்லி, எட்டாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் வேதத்திலேயே நல்ல சிநேகிதர் என்று பேர் வாங்கியிருப்பார்கள் என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள், பெரிய வெள்ளி என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள். ஆண்டவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் என் தேவனே என்று கூப்பிட்டுத்தான் கேட்டார், விட்டுப்போனவரிடமே முறையிட்டார், முறையிடுகிறவனைச் சபை வெளியே நிற்பவன் என்று எண்ண வேண்டாம் என்றேன். 88ஐ முழுக்க வாசித்தேன். வாசித்துவிட்டு, வேறு ஒன்றும் சேர்க்காமல் இறங்கினேன். பாடகர் குழுவுக்கு நான் முடித்துவிட்டேன் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்று மணிக்கு மேல் வளாகத்தில் கஞ்சியும் காணத் துவையலும். பெரியவர் ஒருவர் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து, "பேச்சு சரிதான், ஆனா ஒரு ஆறுதல் இல்லயே" என்றார். ஆமாம் என்றேன். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்து நின்றுவிட்டுப் போனார்.

மதினிக்கு ஒரு தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கோயில் ஸ்பீக்கர் அவர்கள் தெருமுனையில்தான் கட்டியிருக்கிறது.

"கேட்டேன். ஒன் தொண்டை கட்டியிருக்கு. சுக்குப் போட்டுக் குடி."

அவ்வளவுதான் சொன்னார்கள். கஞ்சியைக் குடித்துவிட்டு, துவையலில் உப்புக் கூடுதல் என்றார்கள். கூடுதல்தான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

நாலு மணிக்கே மணி. கறுப்பு போய் வெள்ளை வந்திருந்தது, லில்லிப்பூ வாசம். ஐயர் நன்றாகப் பிரசங்கித்தார். உயிர்த்த உடம்பிலும் ஆணித்தழும்பு இருந்தது, தோமாவுக்கு அதைத்தான் காட்டினார் என்ற இடத்தில் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தது போலிருந்தது. மதினி வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. மத்தியானம் பிரியாணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று போப் பிரான்சிஸ் இறந்த செய்தி. எதிர்வீட்டு ஆர்.சி. குடும்பத்தில் டிவி ஓடிக்கொண்டே இருக்கிறது. ஈஸ்டர் அன்றுதான் ஜனங்களை ஆசீர்வதித்தார், மறுநாளே போய்விட்டார் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நான் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் மதினி ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். மடியில் தம்புவின் வேதபுத்தகம், திடப்படுத்தலுக்கு அவனுக்குக் கொடுத்தது. 88ஆம் சங்கீதத்தில் ஒரு பழைய பஸ் டிக்கெட்டை வைத்திருந்தார்கள்.

"பெண்கள் ஐக்கிய சங்கம் இந்த வெள்ளிக்கிழமை யார் வீட்ல?"

"இன்னும் முடிவாகல."

"இங்க வைக்கச் சொல்லு. இதை நான் வாசிக்கணும். விளக்கம் யாரும் சொல்லக்கூடாது."

செயலாளருக்குப் போன் போட்டேன். மதினி வீடு என்றதும் அவளுக்குச் சந்தோஷம். எந்தச் சங்கீதம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஈஸ்டர் முடிஞ்ச வாரம் டீச்சர், 23 வச்சுக்கலாமே" என்றாள். 23 வேண்டுமானால் அதற்குப் பிறகு நீ வாசி என்றேன். ஐயரைக் கேட்டுச் சொல்கிறாளாம்.